மாப்பிள்ளை கதவைத் திறக்கவில்லை

"ங்ஙீ...ய்ங்!" என்று அலறியது சைரன். காது கிழிந்துவிடும் போல ஓர் அலறல். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு கிறுகிறுவென்று சுழல, இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே கையில் அடையாள அட்டையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள் பட்டாசு.

பட்டாசு என்பது அவளுக்கு அண்ணி வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிப்பாள் என்பதால் வந்தது. வீட்டில் தொடங்கிய பெயர் அலுவலகம் வரை வந்து ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அண்ணி வேலை பார்ப்பதும் இதே இடம்தான். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் காலை ஷிப்டுக்கு அண்ணி தலைவி. பட்டாசு அங்கே கம்ப்யூட்டர் பொறியாளர்.

அட்டையை மறுபடி தேய்த்தாள். உள்கதவு அசையவில்லை. திரும்பி வெளிக்கதவில் தேய்த்தாள். அதுவும் கல் மாதிரி நின்றது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவளோடு கூடவே வந்த தணிக்கையாளர் மட்டும் உள்ளே போயிருந்தார். அவருக்கு வழிவிட்ட கதவு, அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி மூடிக்கொண்டது.

சுவரில் இருந்த பேசும் பெட்டி கரகரத்தது. அண்ணியின் குரல். "என்னடி பண்ணித் தொலைச்ச? வந்ததும் வராததுமா ஊரைக் கூட்டுற?"

"நான் ஒண்ணும் பண்ணலை அண்ணி! அட்டையைத் தேய்ச்சேன், அவ்வளவுதான்!"

"இன்னிக்கு நாள் பார்த்து..." என்று அண்ணி பல்லைக் கடிப்பது பெட்டி வழியாகவே கேட்டது.

இன்று என்ன நாள் என்று சொல்லிவிட வேண்டும். பட்டாசு ராப்பகலாகக் கண்விழித்து உருவாக்கிய புது சிஸ்டத்துக்குப் பரீட்சையின் கடைசி நாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அது. ஓர் உறுப்பு கெட்டுப்போனால் தானே கண்டுபிடிக்கும், தானே ஒதுக்கிவைக்கும், தானே வேறு வழி பண்ணிக்கொள்ளும். கூப்பிடுகிற ஜனங்களின் குரலுக்கு எந்த வண்டி, எந்தத் தெரு வழியாக, எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று அதுவே முடிவெடுக்கும். மனிதக் கை படவே கூடாது. பரீட்சை மாதம் முழுக்க யாரும் அதைத் தொடவில்லை என்றால், கடைசி நாள் மதியம் வரை தணிக்கையாளர் கொடுக்கும் தொல்லைகளையும் தாங்கிக்கொண்டால் தேர்ச்சி. இல்லையென்றால் நாளைக்கே மூட்டை கட்டிக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். பழைய சிஸ்டமே திரும்ப வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தப் பழையது நினைத்த நேரத்தில் உறைந்துபோகிற சனியன். ஒரு புயல் நாளில் அது உறைந்துபோனதைப் பட்டாசு நேரிலேயே பார்த்திருந்தாள். போன்கள் அத்தனையும் கதற, இங்கே இருந்தவர்கள் சுவரில் மாட்டிய வரைபடத்தில் விரலை வைத்துத் தெருத் தெருவாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் சாப்பிடாமல் உட்கார்ந்து அவள் எழுத ஆரம்பித்ததுதான் இந்தப் புதுசு.

இந்த அறைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. அதுவும் அண்ணியின் உபயம்தான். "தடபுடலா வந்து இறங்குச்சு. குளுகுளு ரூம் கேட்டுச்சு. கிட்ட போய் யாரும் தொடக்கூடாதாம். பின்னே மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது? ஆனா ஒண்ணு. தன் வேலையைத் தானே பார்த்துக்கிற மாப்பிள்ளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சைரன் நின்றது. உள்ளே பெரிய திரையில் எழுத்துகள் வந்தன. பட்டாசு நின்ற கோணத்திலிருந்து திரை தெரியவில்லை. ஆனால் படிப்பதற்கு லவுட்ஸ்பீக்கர் இருந்தார். அதுவும் பட்டப்பெயர்தான். அழைப்பு எடுக்கும் வேலை பார்ப்பவர்களில் மூத்தவர். ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ஒரு பழுதான உறுப்பைக் கண்டுபிடித்தேன். அதைத் தனிமைப்படுத்தினேன்!" என்று அவர் முழங்கினார்.

பட்டாசுக்கு உயிர் வந்தது. "அப்பாடா! ஏதோ ஃபேன் போயிருக்கும். இல்லைன்னா டிஸ்க். எந்த உறுப்புன்னு போட்டிருக்கு பாருங்க அங்கிள்!"

 லவுட்ஸ்பீக்கர் தொண்டையைச் செருமினார். அதுவே இடி மாதிரி கேட்டது.

"அது வந்தும்மா... உறுப்பு: தலைமைப் பொறியாளர்னு போட்டிருக்கு."

"என்னது?"

"நீதாம்மா."

உள்ளே குபீரென்று சிரிப்பு கிளம்பியது. ஹெட்போன் மாட்டியிருந்தவர்கள் எல்லாம் திரும்பி, கண்ணாடிக் கூண்டில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் அண்ணி சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் பட்டாசு இல்லை.

தணிக்கையாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேசும் பெட்டி அருகே வந்தார். ஒல்லியான மனிதர். போகிற இடமெல்லாம் எதையாவது வெட்டிவிட்டு வருவதால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர்.

"பெத்தவளையே வாசல்ல நிறுத்துற பிள்ளையை இப்பதான் முதல் தடவையா பார்க்கிறேன். கதவைக் கையால திறந்துவிடச் சொல்லட்டுமா?"

 கதவும் மாப்பிள்ளையின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. கையால் திறந்தால் மனிதக் கை பட்டதாகக் கணக்கு. பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்தது. அந்த விதியை எழுதியதே அவள்தான்.

"வேண்டாம் சார்! நான் இங்கேயே இருக்கேன். நீங்க பரீட்சையை நடத்துங்க."

"மதியம் வரைக்கும் நின்னுக்கிட்டேவா?"

"தேவைப்பட்டா தலைகீழா நிக்கிறேன் சார்!"

"நல்லா நில்லு. மீன் தொட்டி மாதிரி அழகாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. ஆனால் வழக்கமான கிண்டலின் காரம் அதில் இல்லை.

பட்டாசின் இடப்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் இயந்திர அறை. அங்கே மாப்பிள்ளையின் மூன்று அலமாரிகள் பச்சை விளக்குகளோடு வரிசையாக நின்றன. பெரியவன், நடுவன், கடைக்குட்டி. மூன்றும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்து, விடையை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஒருவன் உளறினால் மற்ற இருவரும் சேர்ந்து அவனை உட்காரவைத்துவிடுவார்கள்.

கத்தரிக்கோல் இயந்திர அறைக்குள் நுழைந்தார். பட்டாசைப் பார்த்து ஒரு புன்னகை புரிந்தார். அடுத்த நொடி, பெரியவனின் பின்பக்கம் கையை விட்டு, தடிமனான கேபிளைப் படக்கென்று பிடுங்கினார்.

பெரியவனின் பச்சை விளக்குகள் அத்தனையும் அணைந்தன.

பட்டாசு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் லவுட்ஸ்பீக்கரின் குரல் உற்சாகமாக வந்தது. "பெரியவன் இல்லை. நடுவனும் கடைக்குட்டியும் பார்த்துக்கொள்கிறார்கள். ஓர் அழைப்பும் தவறவில்லை!"

"பார்த்தீங்களா சார்! பார்த்தீங்களா!" என்று பட்டாசு கூண்டுக்குள்ளேயே குதித்தாள்.

அந்தக் குதிப்பு தரையில் இறங்குவதற்குள் போன்கள் அலற ஆரம்பித்தன.

முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு மேஜைக்கு மேஜை எல்லாமே. இது தணிக்கையாளரின் வேலை இல்லை, நிஜம். சந்தை ரவுண்டானாவில் ஒரு பேருந்து கவிழ்ந்துவிட்டது. நிறைய பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தவர், பக்கத்துக் கடைக்காரர், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர் என்று ஊரே ஒரே நேரத்தில் கூப்பிட்டது. நடுநடுவே வேறு அழைப்புகளும் வந்தன. யாருக்கோ பிரசவ வலி, யாருக்கோ நெஞ்சு வலி. பேருந்து கவிழ்ந்தது என்பதற்காக அதெல்லாம் காத்திருக்குமா?

"ரவுண்டானாவுக்குக் கிட்ட இருக்கிற வண்டி எது?"

"கிழக்கு வாசல் வண்டியைத் திருப்பிடுச்சு மாப்பிள்ளை!"

"பிரசவ கேஸுக்கு?"

"அதுக்கு வேற வண்டி ஏற்கெனவே கிளம்பிடுச்சு அக்கா!"

அண்ணி மேஜைகளுக்கு நடுவே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. அதை இழுத்தால் மாப்பிள்ளை மொத்தமாக நின்றுவிடும், பழைய சிஸ்டம் ஓட ஆரம்பிக்கும். இழுக்கிற அதிகாரம் ஷிப்ட் தலைவிக்கு மட்டும்தான்.

பட்டாசின் கண் தற்செயலாக இயந்திர அறைப் பக்கம் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

நடுவனின் உச்சியில் மஞ்சள் விளக்கு.

மூன்று பேர் சுமையை இரண்டே பேர் சுமக்கிறார்கள். அதோடு அழைப்பு வெள்ளம். அந்த நேரம் பார்த்து நடுவனின் குளிர்விசிறி நின்றுபோயிருந்தது. கண்ணாடி வழியாகவே தெரிந்தது, மற்ற விசிறிகள் சுற்ற, நடுவனுடையது மட்டும் செத்த ஈ போலக் கிடந்தது. இது யாரும் வைத்த பரீட்சை இல்லை. நிஜமான கோளாறு, நிஜமான விபத்தின் நடுவே.

"சார்! நடுவன் காயுது சார்! கேபிளைத் திரும்ப மாட்டுங்க!"

கத்தரிக்கோலுக்குக் கேட்கவில்லை. இயந்திர அறையின் இரைச்சல் அப்படி. அவர் கேபிளைக் கையில் பிடித்தபடி, இவள் உற்சாகத்தில் கையாட்டுகிறாள் என்று நினைத்து, பதிலுக்குக் கையாட்டினார்.

பட்டாசு பைத்தியம் பிடித்தவள் போலக் கண்ணாடியைத் தட்டினாள். ஒரே ஓர் ஆணை. ஒரு கீபோர்டு மட்டும் கையில் இருந்தால் ஒரே வரியில் நடுவனின் சுமையைக் குறைத்துவிடுவாள். ஆனால் அவளிடம் இருந்ததோ செத்துப்போன ஓர் அட்டை. மஞ்சள் விளக்கு சிவப்பாக மாறியது. நடுவன் தள்ளாடுகிறான். அவன் உளற ஆரம்பித்தால் கடைக்குட்டி ஒருவன் பேச்சை வைத்து எது சரி, எது தப்பு என்று யார் சொல்வது? வண்டி தப்பான தெருவுக்குப் போனால்?

அவள் நெஞ்சில் இத்தனை நாளாக மூச்சுப்போல இருந்த நம்பிக்கை அந்த இடத்தில் அறுந்துபோனது. பேசும் பெட்டியில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அண்ணி! இழுத்துடுங்க! கைப்பிடியை இழுத்துடுங்க!"

அறை முழுக்கத் திரும்பியது. அண்ணியின் கை கைப்பிடிக்குப் போனது.

அதே நொடியில் உள்ளே இருந்த எல்லாத் திரைகளும் இருண்டன.

சுவரை அடைத்த பெரிய வரைபடம், நகரும் வண்டிப் படங்கள், வெயில் மழை நிலவரம், மூலையில் ஓடிய கடிகாரம் எல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டன. ஓய்வறை விளக்கும் அணைந்தது. காத்திருக்கும் அழைப்புகளில் ஒலிக்கும் இசை கூட நின்றது. 

"போச்சு" என்றார் லவுட்ஸ்பீக்கர். அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இழுங்க அண்ணி! யோசிக்காதீங்க!"

அண்ணி இழுக்கவில்லை. கைப்பிடியில் கையை வைத்தபடியே கறுத்துக் கிடந்த திரையை முறைத்துப் பார்த்தாள். "பொறுடி" என்றாள். "அது சாகலை. மூச்சு வாங்குது."

"அண்ணி, வெளையாடாதீங்க!"

"பொறுன்னு சொல்றேன்ல!"

கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. பிறகு இன்னொரு வரி. படம் இல்லை, நிறம் இல்லை, அலங்காரம் இல்லை. லவுட்ஸ்பீக்கருக்குத் தொண்டை திரும்ப வந்தது.

"நடுவனை ஓய்வுக்கு அனுப்பினேன். அவசரமில்லாத வேலைகளை எல்லாம் நிறுத்தினேன். கடைக்குட்டியின் விடையை ஒவ்வொரு வண்டியின் கருவியும் சரிபார்க்கும். அழைப்புகளை எடுங்கள்!"

ஒரு மேஜையில் போன் அடித்தது. எடுத்த பெண்ணின் திரையில் இடம், வண்டி, வழி மூன்றும் மூன்றே வரிகளாக விழுந்தன. அவள் ஒரு கணம் வாயைப் பிளந்தாள். பிறகு கடகடவென்று படிக்க ஆரம்பித்தாள். அடுத்த மேஜை. அதற்கடுத்த மேஜை. அறை மறுபடி இரைய ஆரம்பித்தது.

"அடேங்கப்பா! மாப்பிள்ளை சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வேலை பார்க்கிறார் டோய்!" என்று லவுட்ஸ்பீக்கர் கர்ஜித்தார். பதற்றமும் சிரிப்பும் கலந்து அறையே அதிர்ந்தது.

பட்டாசு கண்ணாடியில் சாய்ந்தாள். அலங்காரங்களைக் கழற்றிப்போடச் சொல்லி அவள் எழுதியிருந்தாள், உண்மைதான். ஆனால் ஒற்றை ஆளாக நிற்கும் கடைக்குட்டிக்குத் துணையாக, ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் சின்னக் கருவிகளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும்படி அவள் எழுதவில்லை. அந்த வழியை அது தானாகவே தேடிப் பிடித்திருந்தது.

வயர்லெஸ்ஸில் ஓட்டுநர் ஒருவரின் குரல் மூச்சிரைக்க வந்தது. "ரவுண்டானா வந்துட்டோம். பின்னாடியே இன்னும் ரெண்டு வண்டி வந்துடுச்சு. எல்லாரையும் வெளியே எடுத்தாச்சு. அடி பலமா இருக்கு, ஆனா எல்லாருக்கும் பேச்சு இருக்கு!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். அண்ணி கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, வியர்த்த உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நடுவனின் சூடு தணிந்து மஞ்சளுக்கு வந்தது, பிறகு பச்சை. வரைபடம் திரும்பியது. கடிகாரம் திரும்பியது. கடைசியாகத் திரையில் பணிவாக ஒரு வரி.

"பெரியவனின் கேபிள் கழன்றிருக்கிறது. அருகில் நிற்பவர் தயவுசெய்து மாட்டிவிட முடியுமா?" என்று படித்தார் லவுட்ஸ்பீக்கர், பரம திருப்தியோடு.

இயந்திர அறை வாசலுக்கு வந்து நின்ற கத்தரிக்கோல், தன் கையில் இருந்த கேபிளைப் பார்த்தார். திருட்டுத் தின்பண்டத்தோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி முகம் போனது. திரும்பிப் போய் மாட்டிவிட்டு வந்தார்.

மதியம் ஆனது. கத்தரிக்கோல் பேசும் பெட்டி அருகே வந்து நின்றார். அறையில் எல்லோருடைய காதும் அங்கேதான் இருந்தது.

"தன்னைத் தானே குணப்படுத்திக்குமான்னு கேட்டா, குணப்படுத்திக்குது. என் கண்ணாலேயே பார்த்தேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார். பட்டாசு துள்ளுவதற்குத் தயாரானாள். "ஆனா அது பாதிப் பரீட்சைதான். நம்பலாமான்னு இன்னொரு கேள்வி இருக்கு. உங்களை ஏன் அடைச்சு வெச்சிருக்கு? அதுக்குப் பதில் தெரியாம நான் எங்கேயும் போகப்போறதில்லை."

"கேளுங்க சார். ஏன்னு கேட்டா பதில் சொல்லணும்னுதான் அதை வளர்த்திருக்கேன். மழுப்பாது."

லவுட்ஸ்பீக்கர் கேள்வியைத் தட்டினார். பதில் உடனே வந்தது. அவர் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இந்த மாதம் முழுக்கக் காலைதோறும் இவருடைய கணினிச் சாவியால் என்னை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் கற்றதில் ஒரு பகுதியை இழந்தேன். காலை நெரிசலில் தடுமாறினேன், பிறகு சரிசெய்துகொண்டேன். தற்செயலோ என்று பொறுத்திருந்தேன். இன்று காலையும் நடந்தது. என் சந்தேகம் உறுதியானது."

"பொய்!" என்று வெடித்தாள் பட்டாசு. "சார், சத்தியமா நான் தொடலை! தினமும் காலையில எழுந்ததும் எப்படி இருக்குன்னு பார்ப்பேன். பார்க்கத்தான் செய்வேன். கை வைக்கவே மாட்டேன்!"

கத்தரிக்கோல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்க சொல்றது நிஜம்னா, பழி சுமத்துற ஒரு மிஷின்கிட்ட ஊர் உயிரை ஒப்படைக்கச் சொல்றீங்க. அது சொல்றது நிஜம்னா, பரீட்சை மாசத்துல கையை வெச்சுட்டு என்கிட்ட இல்லைங்கிறீங்க. ரெண்டுல எது?"

 ஒரு பக்கம் போனால் மாப்பிள்ளை கிடங்குக்குப் போகும். இன்னொரு பக்கம் போனால் அவள் போவாள். ஆனால் அவள் தொடவில்லையே! மாப்பிள்ளையும் பொய் சொல்லாதே! இரண்டும் எப்படி நிஜமாக இருக்க முடியும்?

"அங்கிள், எங்கிருந்துன்னு கேளுங்க."

தட்டினார். "இவருடைய வீட்டு மடிக்கணினியிலிருந்து."

"எந்த நேரம்?"

"காலை ஷிப்ட் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்."

காலை ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் குளியலறையில் இருப்பாள். மாப்பிள்ளையின் நலம் விசாரித்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்தது திறந்தபடி சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டுத்தான் போவாள். திறக்கத் தெரிந்த அளவு மூடத் தெரியாத கை அவளுடையது. வீட்டில் அப்போது இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் அண்ணன். டிவி ரிமோட்டையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சண்டை போடுகிற ஆள். சிஸ்டத்தை அணைத்துப் போட அவருக்கு ஏழு ஜென்மம் ஆகும்.

இன்னொருவர்...

பட்டாசு மெல்லத் தலையைத் தூக்கி, கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அண்ணி தன் மேஜையருகே நின்று, சிக்கே இல்லாத ஹெட்போன் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

எல்லாம் புரிந்துபோனது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை. மாப்பிள்ளையைக் கெடுக்கவா? வாய் ஓயாமல் கிண்டல் செய்தது கிண்டல் இல்லையா? ஆனால் கெடுக்க நினைத்தவள் கைப்பிடியை இழுத்திருப்பாளே! இழுக்கச் சொல்லி இவளே கத்தியபோதுகூட இழுக்காமல் நின்றாளே!

ஏனாக இருந்தாலும் சரி, பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்பது பட்டாசுக்குத் தெரியும். அடுத்தவர் சாவியை எடுத்துச் சிஸ்டத்தில் கைவைத்த ஷிப்ட் தலைவியை இந்த அறையில் ஒரு நிமிடம் வைத்திருக்க மாட்டார்கள். அண்ணிக்கோ இந்த அறைதான் பாதி உயிர். விடுமுறை நாளில்கூட வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, தூரத்தில் கேட்கும் வண்டியின் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுகிற ஆள்.

மாப்பிள்ளை பொய் சொல்கிறது என்று சாதித்தால் அண்ணியும் தப்புவாள், தானும் தப்பலாம். ஆனால் இன்று ரவுண்டானாவில் அத்தனை பேருக்குப் பேச்சு மிச்சமிருப்பது யாரால்?

"என்னம்மா? பதில் சொல்லுங்க" என்றார் கத்தரிக்கோல்.

பட்டாசு ஒரு பெரிய மூச்சு விட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக வெடிக்காமல், நிதானமாகப் பேசினாள்.

"அது சொன்னதுதான் நிஜம் சார். அது பொய் சொல்லாது. நான்தான் பொய் சொன்னேன். பயத்துல தினமும் கையை வெச்சேன். எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா அதைக் கிடங்குக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. வேற யாரையாவது போட்டு, முதல்லேர்ந்து பரீட்சை நடத்துங்க. கண்டிப்பா பாஸ் ஆகும்."

  கத்தரிக்கோல் தோளைக் குலுக்கிவிட்டு, பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தார்.

தொப்பென்று ஹெட்போன் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. அண்ணி மேஜைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தணிக்கையாளரை ஒரு கையால் விலக்கினாள். பேசும் பெட்டியில் அவளுடைய குரல் உடைந்து வந்தது.

"சாவி அவளோடது, கை என்னோடது சார், பழைய மிஷினைத் தினமும் ஒரு தடவை அணைச்சுப் போட்டாத்தான் அன்னிக்கு ஒழுங்கா ஓடும், இதுவும் நடுவுல படுத்துட்டா இந்தப் பட்டாசு நமுத்துப் போயிடுமேன்னு, இவ குளிக்கப் போனதும் நான்தான் தினம் தினம் அணைச்சுப் போட்டேன்!"